தலைக் கட்டியும் கண்ணொளியும்

தலையிற் கட்டிக்குக் கிரண சிகிச்சை வேண்டும் என்று வைத்தியர் கூறியவுடன் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் குடியானவர் கேட்பன இரண்டு: உயிர் நிற்குமா, கண் நிற்குமா? இரண்டாவது வினாவை அறியாமை என்று தள்ளுவோர் உளர், நாம் தள்ளோம். சோளக் கொல்லையிலும் பருத்திக் காட்டிலும் உழைப்பவருக்குக் கண்ணே ஜீவனம்.

அவ்வச்சத்திற்குக் காரணமும் உண்டு. மூளையின் அடியில், பிட்யூட்டரி சுரப்பிக்குச் சற்று மேலே, இரு கண்களின் நரம்புகளும் கூடிக் குறுக்கிடுகின்றன. ஆங்குள்ள கட்டியைத் தாக்கும் கிரணம் நரம்பையும் தாக்கக்கூடும். அத்தீங்கு உடனே தோன்றாது. மாதங்களோ வருஷங்களோ கழிந்தே வெளிப்படும். பின் மீட்பது அரிது. ஆதலின், நாளொன்றுக்கு 1.8 அல்லது 2 கிரே வீதம் பகுத்துக் கொடுப்பினும், நரம்பு பெறும் மொத்த அளவு ஏறக்குறைய 54 கிரேயைத் தாண்டலாகாது என்பர்.

இவ்வரம்பைக் காக்கும் முறை வியக்கத்தக்கது. நோயாளியின் முகத்திற்கு அளவான வலைமூடி செய்து தலையை அசையாது நிறுத்துவர், ஸி.டி., எம்.ஆர்.ஐ. படங்களைப் பொருத்திக் கட்டியையும் நரம்பையும் தனித்தனியே வரைவர். பல திசைகளினின்று வரும் கிரணத்தை உலோகத் தகடுகள் கட்டியின் உருவிற்கேற்ப மறைத்தும் திறந்தும் விடும். 1957-இல் அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்திற்குக் கோபால்ட் யந்திரம் வந்த நாளில் இத்துணை நுட்பம் இல்லை. 2019-இல் சென்னையில் தொடங்கிய புரோட்டான் சிகிச்சையிலோ, துகள்கள் குறித்த ஆழத்திலேயே நின்றுவிடும்.

ஆயினும் கண்ணை முதலிற் காப்பது யந்திரமன்று என்பதே நம் கருத்து. பிட்யூட்டரிக் கட்டி நரம்பை அமுக்குங்கால் இரு கண்களிலும் வெளிப்புறப் பார்வையே பெரும்பாலும் முன்னர் மங்கும். நேரே உள்ள எழுத்துத் தெரியும். பக்கத்தில் வரும் சிமெண்டு லாரி தெரியாது. அரியலூர்ச் சாலையில் இஃது அற்ப விஷயமா? மூக்குக் கண்ணாடியை மாற்றி மாற்றிக் காலங் கழிப்பதற்குள் நரம்பு வாடிவிட்டால், அறுவையும் கிரணமும் அதனைத் தளிர்க்கச் செய்யா. இத்தகையோருக்குப் பார்வைப் புலத்தை அளக்கும் சோதனையைத் தாமதமின்றிச் செய்யவேண்டும். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அதனைத் திரும்பச் செய்து ஒப்புநோக்க வேண்டும்.

அரியலூரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது மகிழ்ச்சியே. ஆனால் நுண்கிரண சிகிச்சைக்குச் சென்னை செல்பவர் பெரம்பலூரிலிருந்து ஏறக்குறைய 270 கிலோமீட்டர் போகவேண்டும். அந்நகருக்கு ரயிலும் இல்லை. வாரத்திற்கு 5 நாளாக ஐந்தாறு வாரம் சிகிச்சை நீளும்; இடையிற் பல நாள் விட்டால் பயன் குன்றும். முதலமைச்சர் காப்பீடு வைத்தியச் செலவை ஏற்பினும், துணைக்கு வருபவரின் இழந்த கூலியை யார் தருவர்? தர்மவான்கள் கட்டடங்களுக்குப் பெயர் பொறிப்பதற்கு முன், வைத்தியசாலைகளின் அருகே இவர்கள் ஆறு வாரம் தங்க நான்கு அறைகள் அமைத்துத் தரலாம்.