பால் எங்கிருந்து வருகிறது?

வில்லியனூரில் என் பழைய மாணவி ஒருத்திக்குப் பிரசவமாகிப் பதினைந்து நாள். பார்க்கப் போயிருந்தேன். அவள் எதிரில் ஒரு பிடி சாதமும் மிளகு ரசமும் இருந்தன.

"இன்னும் கொஞ்சம் போடுங்கள், அத்தை" என்றாள்.

"பத்தியம், அம்மா! அதிகம் தின்றால் குழந்தைக்கு மாந்தம் வரும்" என்றார் மாமியார். நல்ல மனுஷிதான்.

எனக்கு வட அட்லாண்டிக் பனிக்கடல் ஞாபகம் வந்தது. சிரிக்க வேண்டாம், காரணம் உண்டு. அங்கே 'ஹூடட் சீல்' என்னும் கடற்பிராணி மிதக்கும் பனிக்கட்டியின்மேல் குட்டி போடுகிறது. கட்டி எப்போது உடையுமோ என்ற அவசரத்தில் அது பால் கொடுப்பது மொத்தம் நாலே நாள்! பசும்பாலில் கொழுப்பு நூற்றுக்கு 4 பங்கு, எருமைப்பாலில் 7; இதன் பாலிலோ ஏறக்குறைய 60. குட்டி தினம் சுமார் 7 கிலோ பெருத்து, நாலு நாளில் இரட்டிப்பாகிவிடுகிறது.

சாம்பல் நிறச் சீல் சற்று நிதானம். சுமார் 18 நாள் பட்டினி கிடந்து பாலூட்டி, தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழக்கிறது. அதில் ஏறக்குறையப் பாதிதான் குட்டியின் உடம்பில் ஏறுகிறது. மீதி, பால் சுரப்பதற்கும் இரண்டு உயிர்களின் உடற்சூட்டுக்கும் எரிந்து போகிறது.

பட்டினியோடு பால் தருகிறதே என்று மாமியார்கள் சந்தோஷப்பட வேண்டாம். பல மாதம் மீன் தின்று தோலுக்கடியில் கொழுப்பைச் சேமித்த பிறகே அந்தப் பட்டினி. பாகூர் ஏரி நிரம்பியிருந்தால் அல்லவா கோடையில் மதகைத் திறக்கலாம்? அவ்வளவு சேமிப்பில்லாத ரோமச் சீல், சில நாள் கடலில் இரை தேடுவதும் கரைக்கு வந்து பாலூட்டுவதுமாக மாதக்கணக்கில் அலைகிறது.

நம் பெண்கள் இந்த இரண்டாவது ஜாதி. பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதம் தினம் 600 கலோரி அதிகம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் கணக்கிட்டது. அரிசியாகச் சொன்னால் சுமார் 170 கிராம். ஆனால் அரிசி மட்டும் போதாது, பருப்பும் கீரையும் மீனும் வேண்டும். கொடுக்காவிட்டால் பால் உடனே நின்றுவிடாது. தாயின் சரீரமே கரைந்து பாலாகும். அதனால்தான் குற்றம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சீல் கதையெல்லாம் அந்த அம்மாளிடம் எடுபடவில்லை. "உங்கள் கறவைப் பசுவுக்குப் பிண்ணாக்கைக் குறைப்பீர்களா?" என்று கேட்டேன்.

"அதெப்படி, வாத்தியாரே?" என்றவர், சற்று நின்று, உள்ளே போனார். மருமகள் தட்டில் இரண்டு கரண்டி சாதம் விழுந்தது. பருப்பு மட்டும் மறுநாள்தானாம்.