பந்தயக் காரின் உடலும் நம் இளைஞரும்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் மலைக்கு ஏறும் வீதியிலே, பின்புறத்திற் சிறகொன்றைப் பூட்டி, முன்புறத்தைத் தரையோடு தாழ்த்திய கார்கள் சில விரைந்து செல்லக் காண்கின்றோம். கண்டு முகஞ்சுளிப்போர் பலர். யான் அவ்வாறு செய்யேன். தகரத்தை வெட்டி, வளைத்து, ஒட்டித் தான் எண்ணிய வடிவைப் பெறும் இளைஞன் கைத்திறன் உடையவன். ஆயின், அத்திறன் எதன்பொருட்டு, எவ்விடத்திற் பயன்படல் வேண்டும் என்பதே என் கேள்வி.

பந்தயத்துக்கெனக் காரின் உடலை மாற்றுவோர் முதலிற் செய்வது கூட்டலன்று, கழித்தலே. பின்னிருக்கை, கம்பளம், கதவின் உள்தட்டு என்பன அகற்றப்படும். உருக்குப் பொனட்டின் இடத்தைக் கண்ணாடியிழைப் பொனட் பெறும். பாரம் குறையின் வேகங் கூட்டலும், நிறுத்தலும், வளைவிலே திருப்புதலும் எளிதாம். அடுத்து, ஓட்டுநரைச் சுற்றி உருக்குக் குழாய்களாற் கூடு ஒன்று கட்டப்படும். கார் புரண்டாலும் கூரை நசுங்காது உயிரைக் காப்பது அதுவே.

சிறகு இவற்றின் பின்னரே வரும். அது காரை நிலத்தோடு அழுத்தும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுவது. மணிக்கு 120 கிலோமீற்றரிற் கிடைப்பதிற் காற்பங்கே 60 கிலோமீற்றரிற் கிடைக்கும். ஊர்ந்து திரும்பவேண்டிய நம் மலை வளைவுகளில் அச்சிறகு வெறுஞ் சுமை. பிழைபடப் பூட்டிய சிறகோ சுமையினுங் கொடிது. 1969 மே மாதம் பார்சிலோனாவில் நடந்த ஸ்பானிய கிராண்ட் பிரீ பந்தயத்திலே, கிரகாம் ஹில், யோகன் ரிண்ட் ஆகிய பெருவீரர் இருவரின் லோட்டஸ் கார்களிலும் உயர்ந்த சிறகுகள் முறிந்தன, கார்கள் நொறுங்கின. அம்மாதத்திலேயே மொனாக்கோவில் அத்தகைய சிறகுகள் தடைசெய்யப்பட்டன.

நிற்க. பந்தயம் நம் மலைநாட்டுக்குப் புதியதன்று. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934 ஆம் ஆண்டிலே தொடங்கியது. ஆயினும், பந்தயத்துக்கென ஒதுக்கிய திடலிலும் ஆபத்து உண்டு. 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை பொக்ஸ்ஹில் பந்தயத்திலே, பாதை விலகிய கார் கூட்டத்துட் பாய்ந்து எழுவர் மாண்டனர். அவருள் எட்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. திடலிலேயே இந்நிலையெனின், பள்ளிப் பிள்ளைகளும் தோட்டத் தொழிலாளரும் நடக்கும் வீதியில் யாது நேரும்?

ஆதலின் இளைஞரைப் பழித்தல் போதாது, வழிகாட்டல் வேண்டும். விழாக் கொண்டாடும் இவ்வேளையிற் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம்: நம் கல்லூரியில் ஒரு பட்டறை அமைப்போம். ஒட்டுவேலையும் டிங்கர் வேலையும் அங்கே கணிதத்தோடும் பௌதிகத்தோடும் கைகோக்கட்டும். பந்தய வேட்கை உடையோர் முறையான கழகத்திற் சேர்ந்து, காரைச் சோதனைக்கு உட்படுத்தி, திடலிலே ஓடட்டும்.

தம்பிமாரே, முதலிற் கூட்டைக் கட்டுங்கள். சிறகு பின்னர் ஆகட்டும்.