சிறு பிழையும் பெரு நிறுவனமும்

பல்லாயிரம் வல்லுநரும் அளவிறந்த பொருளும் உடைய ஒரு நிறுவனம், தன் கணினி முறையிலுள்ள கடுகளவு பிழையை ஆண்டுக்கணக்காகத் திருத்தாது விட்டிருப்பதைக் காண்போர், அதனைச் சோம்பல் என்று எளிதிற் கூறிவிடுவர். அக்கூற்று முழுதும் பொருந்தாது என்பதே என் கருத்து.

எக்செல் என்னும் கணக்குச் செயலியை நம் கல்லூரியில் அறியாதார் இலர். அதன் நாட்கணக்கில் 1900 பெப்ருவரி 29 என்றொரு நாள் உண்டு. உலகில் அப்படியொரு நாள் இருந்ததே இல்லை. நூற்றாண்டு முடிவாக வரும் ஆண்டு நானூறால் வகுபட்டாலன்றி லீப் ஆண்டு ஆகாது என்பது கிரிகோரியன் நாட்காட்டியின் விதி. 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 என்னும் செயலி இவ்விதியை நோக்காது, 1900ஐ லீப் ஆண்டாகக் கொண்டது. பின்னர் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் வெளியிட்ட எக்செல், லோட்டஸ் கோப்புகளைப் பிழையின்றித் திறக்கவேண்டி, அப்பிழையையும் உடன் ஏற்றது.

இன்று அதனைத் திருத்தப் புகுந்தால் நேர்வது யாது? எக்செல் ஒவ்வொரு தேதியையும் 1900 ஜனவரி 1 முதலாக எண்ணிய ஓர் எண்ணாகவே வைத்துள்ளது. இல்லாத அந்நாளை நீக்கின், உலகெங்கும் சேமித்துள்ள கோப்புகளில் வட்டி நாளும் சம்பள நாளும் பிறந்த நாளும் ஒருநாள் பிறழும். திருத்தாமையால் கெடுவதோ, பெரும்பாலும் 1900 மார்ச்சு 1க்கு முற்பட்ட நாள்களின் கிழமையே. நான் அங்குப் பணிபுரியினும் அதனைத் தொடேன்.

தமிழ் பயில்வோர்க்கு அணுக்கமான சான்றும் ஒன்று உண்டு. தொல்காப்பியர் சார்பெழுத்து மூன்றனுள் ஒன்றாக வைத்த ஆய்தத்திற்கு, யூனிகோடு என்னும் உலக எழுத்துக் குறியீட்டில் இட்ட பெயர் 'தமிழ் விசர்க்கக் குறி' என்பது! வடமொழிக்குரிய விசர்க்கம் வேறு, நம் ஆய்தம் வேறு. ஆயினும் 1996இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு முதல் எழுத்துப் பெயர்களை மாற்றுவதில்லை என்பது அவர்தம் நெறி. ஆய்தம் என்பதைப் பக்கத்திற் குறித்ததோடு அமைந்தனர். மனம் வருந்தினும், எழுத்துத் திரையில் செவ்வனே தோன்றுவதால் இதனையும் பொறுக்கலாம்.

பிழை சிறிதாயிருப்பதே அதற்கு அரணாகிறது. பெரும் பிழை எல்லாரையும் வருத்தும்; எல்லாரும் முறையிடுவர். சிறு பிழையை உணர்பவர் சிலர். அவரும் ஒரு சுற்றுவழி கண்டு அமைவர். அச்சுற்றுவழிகள் பெருகப் பெருகப் பிழையின்மேல் வீடு எழுந்துவிடுகிறது. அதனைத் திருத்தும் ஊழியர்க்குப் பாராட்டில்லை. திருத்தத்தால் வேறொன்று கெடின் பழி மட்டும் உண்டு.

எனினும் இக்காரணத்தை எல்லாவற்றிற்கும் கேடயமாகப் பிடித்தல் தகாது. உயிர்நூலார் 'மார்ச்1', 'செப்ட்2' எனச் சில ஜீன்களுக்குப் பெயரிட்டிருந்தனர். அவற்றை எக்செலில் எழுதினால் அது தானே மார்ச்சு 1, செப்டம்பர் 2 எனத் தேதியாக மாற்றிவிடும். இதனை 2004இலேயே ஆராய்ச்சியாளர் வெளிப்படுத்தினர். 2016இல் வந்த ஓர் ஆய்வு, எக்செல் ஜீன் பட்டியல்களை இணைத்த கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருந்ததெனக் காட்டியது. நோயின் காரணத்தைத் தேடுவோர் கையாளும் பட்டியல்கள் இவை! முடிவில் 2020இல் ஜீன்களுக்குப் பெயரிடும் குழுவினரே, அப்பெயர்களை 'மார்ச்எஃப்1', 'செப்டின்2' என்றவாறு மாற்றிக்கொண்டனர். செயலி திருந்தவில்லை, அறிவியல் வளைந்துகொடுத்தது.

தானாக மாற்றுவதை வேண்டாதார் நிறுத்திக்கொள்ளும் வசதி 2023இல்தான் எக்செலில் வந்தது. அதனால் எவருடைய பழைய கோப்பும் கெடவில்லை; வேண்டுவோர் முன்போலவே இருக்கலாம். அங்ஙனமாயின், 1900ஆம் ஆண்டுப் பிழைக்குக் கூறிய சமாதானம் இதற்குச் சிறிதும் செல்லாது. முதல் முறையீட்டிற்கும் இவ்வசதிக்கும் இடையே கழிந்தவை பத்தொன்பது ஆண்டுகள். ஏறக்குறைய என் வயது. புதுப்பெயர் பூண்ட ஜீன்களோ பழைய பெயர்களுக்கு மீளவில்லை.