முதல்ல பாதையில ஏறுவம்

முதுகுப்பைக்குள்ள ரெண்டு மூண்டு கிலோவில ஒரு காற்றடைக்கிற படகு. நடக்கிறது, தண்ணி வந்தா ஊதி இறங்கிறது, கரையேறினா மடிச்சுச் சுமக்கிறது. அலாஸ்காப் பக்கத்து ‘பக்ராஃப்ட்’ வீடியோக்களைப் பார்த்து, நம்ம மட்டக்களப்பு வாவியிலயும் செய்வமே எண்டு எங்களுக்குள்ள ஒரே பேச்சு.

ஆசை பிழையில்லை. 56 கிலோமீற்றர் வாவி, அங்கால படுவான்கரை வயல்கள், அதுக்கும் மேற்கே குடும்பிமலை. வேறென்ன வேணும்?

ஆனா, ‘ஆளில்லாத இடத்தில சாகசம்’ எண்ட பேச்சை நாங்கள் ஏற்கமாட்டம். படுவான்கரைச் சனம் நடந்து, வாவி கடந்து, மறுகா நடந்துதான் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போய் வந்தது. 2014இல் பாலம் திறக்கும்வரை மண்முனையில பாதைதான். ஆக்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏத்திப் போற படகுக்கே ‘பாதை’ எண்டு பேர் வைச்ச ஊர் இது. நமக்குச் சாகசமா இருக்கிறது அவங்களுக்கு அன்றாடம்.

அதனால படகு வாங்க முதல், பாலம் வராத துறையொண்டில பாதை ஏறுவம். தோணிக்கார அண்ணமாரிட்டக் கேப்பம்: வலை எங்க கிடக்கு, முதலை எங்க, கச்சான் காத்து எப்ப எழும்பும்? பாரமில்லாத படகைக் காத்து இழுத்துக்கொண்டு போயிரும். உயிர்காப்பு அங்கி இல்லாம இறங்கவே கூடாது. யானை நடமாடுற பக்கமெண்டா பொழுதுபட முதல் திரும்பிரணும்.

வலையில நம்ம துடுப்பு மாட்டினா நமக்கு அது ஒரு கதை. வலைக்காரருக்கு அண்டைய உழைப்பு.