தார்ச்சாலையை விட்டு இட்டேரிக்கு

மிதிவண்டிப் பந்தய உலகில் கடந்த சில ஆண்டுகளாக ஓர் இடப்பெயர்வு நடந்துவருகிறது. ஐரோப்பாவின் தார்ச்சாலைகளில் பெரிய அணிகளுக்காக ஊதியம் பெற்று ஓட்டிவந்த தொழில்முறை வீரர்கள் பலர், சரளைக்கல்லும் புழுதியும் நிறைந்த மண்சாலைப் பந்தயங்களுக்கு வந்துசேர்ந்திருக்கிறார்கள். 'கிராவல்' என்பது அந்தப் பந்தயத்தின் பெயர். கிராவல் மண் என்ற சொல் நமக்குப் புதிதன்று. கொங்கு நாட்டில், இருபுறமும் வேலி சூழத் தோட்டங்களுக்கு நடுவே செல்லும் வண்டித்தடத்தை இட்டேரி என்கிறோம். ஏறக்குறைய அத்தகைய பாதைகள்தாம் இன்று ஓர் உலக சாம்பியன் பட்டத்துக்கான களம். சத்தியமங்கலத்தில் வாழ்பவன் என்ற முறையில் இந்த மாற்றத்தைக் கவனிக்கும்போது எனக்கு எழும் கேள்வி ஒன்றுதான்: இது நம் பகுதி இளைஞர்களுக்கு எதைத் தரும், எதைப் பறிக்கும்?

முதலில், அங்கே என்ன நடந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் உள்ள எம்போரியா என்ற சிறு நகரில் 2006-ஆம் ஆண்டு மிகச் சிலரோடு தொடங்கிய மண்சாலைப் பந்தயம், இன்று 'அன்பவுண்ட் கிராவல்' என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோரை ஈர்க்கிறது. அதன் முதன்மைப் பந்தயத்தின் தூரம் 200 மைல், அதாவது ஏறத்தாழ 320 கி.மீ. அமெரிக்க வீரர் பீட்டர் ஸ்டெட்டினா 2019-ஆம் ஆண்டு முடிவில் உயர்நிலைச் சாலைப் பந்தயத்தை விட்டு கிராவலுக்கு வந்தார். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் பங்கேற்ற இயான் பாஸ்வெல், விபத்தில் தலையில் அடிபட்ட பிறகு அதே ஆண்டில் சாலைப் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றார். 2021-இல் அன்பவுண்டை வென்றார். அவருக்கு அடுத்து இரண்டாவதாக வந்த நெதர்லாந்தின் லாரன்ஸ் டென் டாமும் ஓய்வுபெற்ற சாலை வீரர்தான்.

இவர்கள் ஏன் இடம்பெயர்ந்தார்கள்? சாலைப் பந்தயத்தின் பொருளாதாரம் ஒரு காரணம். அணிக்கு நுழைவுச்சீட்டு வருவாய் கிடையாது. சாலையோரம் நின்று பார்ப்பவர் பணம் தருவதில்லை. விளம்பர நிறுவனம் விலகினால் அணியே கலைந்துவிடும். பாஸ்வெல் இருந்த கட்யூஷா அணி 2019-உடன் முடிவுக்கு வந்தது. 2025-இல் பிரான்ஸின் ஆர்க்கியா அணிக்கும் அதே கதி நேர்ந்தது. இன்னொரு காரணம் பந்தயத்தின் இயல்பு. சாலை அணியில் பெரும்பாலோர் தலைவர் ஒருவருக்காக உழைப்பவர்கள். அவருக்குக் காற்றைத் தடுத்து, தண்ணீர் சுமந்து, இறுதியில் பின்தங்குவதே அவர்கள் பணி. கிராவலில் ஒவ்வொருவரும் தமக்காகவே ஓட்டுகிறார்கள். சக்கரம் பழுதானால் தாமே சரிசெய்கிறார்கள். வாரக் கடைசியில் மட்டும் ஓட்டும் ஆசிரியரும் தொழில்முறை வீரரும் ஒரே நாளில், ஒரே பாதையில் புறப்படுகிறார்கள்.

இந்த விடுதலைக்கு விலை உண்டு. அணியை விட்டு வந்தவருக்கு மாத ஊதியம் இல்லை. அவரே விளம்பரதாரரைத் தேட வேண்டும், அவரே பயணச்சீட்டு எடுக்க வேண்டும், சமூக ஊடகத்தில் தம்மைத் தாமே விற்கவும் வேண்டும். வெற்றியைவிடக் காணொளிக்கு மதிப்பு கூடும் காலமிது. மேலும், தப்பிவந்தவர்களைத் துரத்திக்கொண்டு சாலை அணிகளும் மண்சாலைக்கு வந்துவிட்டன. பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் 2022-இல் முதல் கிராவல் உலக சாம்பியன் போட்டியை இத்தாலியில் நடத்தியது. 2023-இல் மாத்தேய் மோஹோரிச், 2024-இல் மாத்யூ வான் டெர் போல், 2025-இல் ஃபுளோரியன் வெர்மீர்ஷ் என ஆடவர் பட்டம் வென்றவர்கள் அனைவரும் பெரிய சாலை அணிகளின் வீரர்கள். மகளிரில் காஷா நியேவியாடோமா, மரியான் வோஸ், லொரீனா வீபஸ் ஆகியோரும் அப்படித்தான். எளியவர்களின் களம் என்று தொடங்கியது, வலியவர்களின் இன்னொரு களமாக மாறிவருகிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கலைந்துபோகும் அபாயம் உள்ள சாலை அணிகள் அங்கே இருக்கின்றன. கலைவதற்குக்கூட அந்தத் தரத்தில் ஓர் அணி இங்கே இல்லை. தனிநபர் நேரப் பந்தயத்தில் தேசிய சாம்பியனான பொறியாளர் நவீன் ஜான், பன்னாட்டு அனுபவம் பெற ஆஸ்திரேலிய அணி ஒன்றில் சேர வேண்டியிருந்தது. அரசின் கவனம் பெரிதும் டெல்லி உள்ளரங்கத் தடத்தில்தான் குவிந்திருக்கிறது. அதற்குப் பலனும் கிடைத்தது: 2019-இல் எசோ ஆல்பன், ரொனால்டோ சிங், ரோஜித் சிங் ஆகியோர் இளையோர் உலக சாம்பியன் போட்டியில் குழு விரைவோட்டத்தில் தங்கம் வென்றனர். சாலையைப் பொறுத்தவரை, 2026 ஜனவரியில் புணே மாவட்டத்தில் 437 கி.மீ. தொலைவுக்குப் பல கட்டங்களாக நடந்த பன்னாட்டுப் பந்தயம் ஒரு நல்ல தொடக்கம். ஆனால், அது தொடக்கம் மட்டுமே.

அப்படியானால் இங்குள்ள சாலைப் பந்தய வீரரைத் தாங்கி நிற்பது எது? ஒரு சான்றிதழ். தேசியப் போட்டிகளில் ரயில்வேயும் படைப்பிரிவுகளும் தனி அணிகளாகக் களமிறங்குகின்றன. அங்கே இடம் பெற்றவருக்கு வேலை உறுதி. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உள்ளது. ஈரோடு மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து விடிகாலையில் மிதிவண்டியை எடுக்கும் இளைஞரின் கண்முன் நிற்பது பாரிஸ் அன்று; ஒரு பணி நியமன ஆணை. கிராவல் ஒலிம்பிக்கில் இல்லை. ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு, தேசியப் போட்டி ஆகியவற்றை அளவுகோலாகக் கொண்ட அமைப்பில், மண்சாலையில் வென்றவர் கையில் பதக்கம் இருக்கும். படிவத்தில் அதைக் குறிப்பிடத் தகுந்த கட்டம் இருக்காது.

மேலைநாட்டு வீரர் கிராவலுக்கு வரும்போது விட்டுவருவது, தாம் சில காலம் பெற்று அனுபவித்த ஊதியத்தை. நம் வீரர் விட்டுவர வேண்டியிருப்பது, தமக்கு இன்னும் கிடைக்காத வேலையை. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, 'உலகமே மண்சாலைக்கு மாறுகிறது, நீயும் மாறு' என்று இளைஞரிடம் சொல்வது பொறுப்பான அறிவுரை ஆகாது.

ஆயினும் மண்சாலைக்கு ஆதரவாக வலுவான வாதம் ஒன்று உண்டு. அது உயிர் பற்றியது. 2023-ஆம் ஆண்டில் மட்டும் தமிழகச் சாலை விபத்துகளில் 18 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கோவையிலிருந்து சத்தியமங்கலம் வழியாக மைசூருப் பீடபூமிக்கு ஏறும் தேசிய நெடுஞ்சாலை 948-இல் கரும்பு லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் இடையே பயிற்சி செய்வது, நாள்தோறும் உயிரைப் பணயம் வைப்பதுதான். பிள்ளை மிதிவண்டிப் பந்தயத்துக்குப் போவதைப் பெற்றோர் தடுப்பது விளையாட்டின் மீதுள்ள வெறுப்பால் அல்ல, இந்த அச்சத்தால்தான். பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்த அச்சம் இரட்டிப்பு. வாகன நெரிசலற்ற மண்சாலை ஒன்று, பயிற்சிக் களமாகவேனும் கிடைத்தால் இழப்பவர் யாருமில்லை.

எந்த மண்சாலை என்பதில்தான் தெளிவு வேண்டும். சத்தியமங்கலம் என்றதும் வெளியூரார் மனத்தில் தோன்றுவது காடு. 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதை, கடம்பூர் மலை, தலமலை எனப் படம்பிடிக்க அழகான இடங்கள் ஏராளம். ஆனால், 2013-இல் அறிவிக்கப்பட்ட இந்தப் புலிகள் காப்பகம், 1,400 சதுர கி.மீ. பரப்பில் புலியும் யானையும் வாழும் இல்லம். பண்ணாரிக்கும் காரப்பள்ளத்துக்கும் இடையே இரவுப் போக்குவரத்துக்கு 2022 பிப்ரவரி முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் தடை நடைமுறைக்கு வந்ததற்குக் காரணம், சாலையில் அடிபட்டு இறந்த விலங்குகள். காரப்பள்ளம் சோதனைச் சாவடி அருகே கரும்புக் கட்டுக்காக யானைகள் லாரிகளை மறித்து நிற்கும் செய்தி நமக்குப் பழகிவிட்டது. அது வேடிக்கையன்று, ஒரு காட்டின் ஒழுங்கு குலைந்ததற்கான அடையாளம். அந்தக் காட்டு வழியில் நூற்றுக்கணக்கான மிதிவண்டிகளையும் அவற்றைத் தொடரும் வாகனங்களையும் அனுப்பும் எந்த யோசனையையும் தொடக்கத்திலேயே மறுத்துவிட வேண்டும்.

காட்டுக்கு வெளியே இடமா இல்லை? பவானிசாகரிலிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் ஏறத்தாழ 200 கி.மீ. ஓடுகிறது. அதன் கரைநெடுகப் பல இடங்களில் மண்பாதை உண்டு. ஆனால், அது யாருமற்ற நிலம் அன்று. இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் பெறும் விவசாயிகளின் உயிர்நாடி அது. கரையைக் கான்கிரீட் ஆக்குவது பற்றி அவர்களிடையே எவ்வளவு கசப்பான விவாதம் நடந்தது என்பதை இப்பகுதி அறியும். எனவே, பாசன சபைகளையும் நீர்வளத் துறையையும் கேட்காமல் எந்தப் போட்டியும் அங்கே நடக்கலாகாது. இதற்கு மாற்றாக நம்மிடம் ஒரு முன்மாதிரி உண்டு. கோவையின் கார் ராலிப் பந்தயம் பல்லடம் பக்கத்துக் கேத்தனூர் காற்றாலைப் பண்ணைகளின் மண்பாதைகளில் நடத்தப்பட்டிருக்கிறது. பாதையை அடைத்து, நிலத்துக்காரரின் இசைவோடு, முதலுதவி ஏற்பாட்டோடு மண்ணில் பந்தயம் நடத்துவது கொங்கு நாட்டுக்குத் தெரிந்த கலைதான். மோட்டாருக்குச் செய்ததை மிதிவண்டிக்குச் செய்ய முடியாதா?

அடுத்த தடை பணம். கிராவலுக்கென்றே செய்யப்பட்ட தரமான மிதிவண்டியின் விலை எளிதில் லட்சம் ரூபாயைத் தொடும். அதையே நுழைவுத் தகுதியாக்கினால், இது பெருநகர வசதியானவர்களின் வார இறுதிப் பொழுதுபோக்காகச் சுருங்கிவிடும். இதற்கும் விடை நம்மிடமே இருக்கிறது. அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் மிதிவண்டிப் போட்டியில், இந்தியாவில் தயாரான, சாதாரணக் கைப்பிடி கொண்ட மிதிவண்டிக்கு மட்டுமே அனுமதி. இது மிகச் சிறந்த விதி. ஆண்டுதோறும் ஏறத்தாழ ஐந்து லட்சம் பதினோராம் வகுப்பு மாணவர்கள் விலையில்லா மிதிவண்டி பெறும் மாநிலத்தில், அதே வண்டியோடு மண்சாலையில் போட்டியிட ஒரு பிரிவு இருந்தால், திறமை எங்கே ஒளிந்திருக்கிறது என்பது ஒரே பருவத்தில் தெரிந்துவிடும்.

ஆகவே, செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, அண்ணா மிதிவண்டிப் போட்டியோடு மண்சாலைப் பிரிவு ஒன்றைச் சேர்த்து, சில மாவட்டங்களில் சோதனையாக நடத்துவது. ஈரோடும் திருப்பூரும் அதற்கு ஏற்றவை. இரண்டாவது, மாநில அளவில் அதில் வெல்பவரின் சான்றிதழ் 3 சதவீத ஒதுக்கீட்டில் எந்த நிலையில் மதிக்கப்படும் என்பதைப் போட்டிக்கு முன்பே அரசாணையில் தெளிவுபடுத்துவது. மூன்றாவது, ஆடவருக்கும் மகளிருக்கும் ஒரே தூரம், ஒரே பரிசு. அமெரிக்காவில் 2022-இல் தொடங்கிய லைஃப் டைம் கிராண்ட் பிரீ தொடர், மொத்தப் பரிசான இரண்டரை லட்சம் டாலரை இருபாலருக்கும் சமமாகப் பிரித்தது. சாலைப் பந்தயம் நூறாண்டாகச் செய்யத் தயங்கியதை மண்சாலை முதல் ஆண்டிலேயே செய்தது. நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அதுவே.

இவற்றுள் இரண்டாவதே அடிப்படை. அது இல்லாமல் முதலாவதை மட்டும் செய்தால், புழுதியில் ஓட்டிக் கைதட்டல் பெற்றுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் இளைஞர்களின் எண்ணிக்கையைத்தான் கூட்டுவோம். பாதை மாறுவது வீரரின் துணிச்சல். மாறிய பாதையின் முடிவில் ஒரு வாழ்க்கை இருக்கும்படி பார்த்துக்கொள்வது அரசின் கடமை.