அந்த போனில் நானும் இருந்தேன்

என் மார்பில் அறுவை செய்த இடம் சீழ் வைத்துவிட்டது. டாக்டருக்கு அனுப்ப என் வீட்டுக்காரர் எடுத்த படம் அது. பெற்ற மகளிடம்கூட நான் காட்டாத படம். அதை ராத்திரியில், நடுரோட்டில், முன்பின் தெரியாத ஒரு காவலர் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "யாருடா இது?" என்று கேட்டார். பக்கத்தில் நின்றவரும் எட்டிப் பார்த்தார்.

ஐயா, என் உடம்பைப் பார்க்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

காய்கறி லோடு இறக்கிவிட்டுக் குட்டியானையில் திரும்பிக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். வண்டியை ஓரங்கட்டச் சொல்லி லைசென்ஸ் கேட்டார்கள். டிஜிலாக்கரில் காட்டினால் போதும் என்று 2018-லேயே மத்திய அரசு சொன்னதே, அதை நம்பித்தான் போனை நீட்டினார். லைசென்ஸைப் பார்த்த கை அதோடு நிற்கவில்லை. வாட்ஸ்அப், ஜிபே, கேலரி எல்லாவற்றையும் துழாவியது. "எதுக்கு சார்?" என்றதற்கு, "மடியில் கனமில்லேன்னா வழியில் என்ன பயம்?" என்று பதில் வந்ததாம். மடியில் கனமில்லாதவளுக்கும் மானம் உண்டு, ஐயா.

நியாயம் கேட்க ஸ்டேஷனுக்குப் போனால், "அவராத்தானேம்மா கொடுத்தார்?" என்கிறார்கள். லத்தி வைத்திருப்பவர் கேட்கிறார். வண்டியைப் பிடித்து வைத்துவிட்டால் மறுநாள் பிழைப்பு போய்விடும். அந்த நேரத்தில் கொடுக்காமல் அவர் என்ன செய்வார்? பயந்து நீட்டியதைச் சம்மதம் என்று கணக்கில் எழுதாதீர்கள். அவரே மனசார சம்மதித்திருந்தாலும் அது என் படம். என்னை யார் கேட்டார்கள்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-ஆம் பிரிவை ஒரு வக்கீலம்மா எனக்கு வாசித்துக் காட்டினார். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் மாதிரி வண்டிக் காகிதங்களைக் காட்டச் சொல்கிறது. கேலரியைக் காட்டச் சொல்லவில்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்பு நெடுஞ்சாலைத் தடுப்புக்கு வந்து சேரவே இல்லையா? 2021 அக்டோபரில் ஹைதராபாத்தில் தெருவில் போனவர்களைப் போலீஸார் நிறுத்தி, அவர்கள் வாட்ஸ்அப்பில் 'கஞ்சா' என்று தேடிப் பார்த்தார்களே, அந்த வீடியோவை நாடே பார்த்தது. அப்போது அது வேறு யார் வீட்டுக் கதையோ என்றுதான் இருந்தது. சென்னையில் பத்திரிகையாளர்களின் போன்களையே பிடுங்கி வைத்து, 2025-ல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் திருப்பித் தர வேண்டிவந்தது. லோடு வண்டி ஓட்டுகிறவருக்கு எந்தக் கோர்ட் வாசல் திறக்கும்?

போலீஸ் போனையே தொடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பெண் பிள்ளையை மிரட்டிப் படமெடுத்தவனின் போனை எடுக்காமல் அவனை எப்படிப் பிடிப்பீர்கள்? எடுங்கள். ஆனால் முறைப்படி எடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், விசாரணைக்கு ஒரு கருவி வேண்டுமென்றால் 94-ஆம் பிரிவின்படி எழுத்தில் உத்தரவு கொடுத்துக் கேட்கச் சொல்கிறது. சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது 105-ஆம் பிரிவு. அன்று ராத்திரி என்ன உத்தரவு இருந்தது? எந்த வழக்கு? எங்கே வீடியோ?

பறிமுதல் செய்திருந்தாலாவது மாஜிஸ்திரேட்டிடம் போய்க் கேட்டிருப்பேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பார்த்ததை எப்படித் திருப்பி வாங்குவது? ஒரு துண்டுச் சீட்டில்கூட எழுதாததால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்கிறார்கள். என் வீட்டுக்காரர் இப்போது என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. குற்றம் தன்னுடையது என்று நினைக்கிறார். அவரை அப்படி நினைக்க வைத்தவர்களோ அடுத்த வண்டியை நிறுத்தப் போய்விட்டார்கள்.

இடம், நேரம் எல்லாம் எழுதிப் புகார் கொடுத்திருக்கிறேன். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது போட ஸ்டேஷனில் மறுக்கிறார்கள். எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அதே புகாரை அனுப்பியிருக்கிறேன். எந்த அதிகாரத்தில் பார்த்தார்கள் என்று எழுத்தில் பதில் வர வேண்டும். அதைவிட முக்கியமாக, அந்தக் காவலர் என் படத்தைத் தன் போனில் எடுத்துக்கொண்டாரா, இல்லையா? இதை எனக்கு யார் சொல்வது?