சீட்டு அச்சேறுமுன்



சீட்டு என்றவுடன் நம் இல்லத்துப் பெரியோர் பலர் முகம் சுளிப்பர். சூதாட்டத்தால் வயலும் வீடும் இழந்தோரைக் கண்ணாரக் கண்டவர்கள் அவர்கள். நாம் குறைகூற மாட்டோம். புனித பெர்நர்தீனும் 1423-ஆம் ஆண்டு பொலோஞ்ஞா நகரில் சீட்டாட்டத்தைக் கண்டித்துப் பிரசங்கித்தவரே. ஆயினும் அவரது பிரான்சிஸ்கு சபையைச் சேர்ந்த தாமஸ் முர்னர் என்னும் குரு, தருக்க சாஸ்திரத்தைச் சீட்டுப் படங்களின் வாயிலாகக் கற்பிக்கும் நூலொன்றை 1507-இல் கிராக்கோவ் நகரில் வெளியிட்டார். குருமடத்தில் தருக்கத்தோடு மல்லாடிய நமக்கு அவர்மேல் தனிப் பிரியம் உண்டு.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம், நம் இளைஞர் சிலர் மீன்களையும் பறவைகளையும் வரைந்து, ஐம்பத்துநான்கு சீட்டுகள் கொண்ட விளையாட்டு ஒன்றைத் தாமே அமைத்திருப்பதுதான். பணயம் இல்லை, பாட்டியும் பேரனும் சேர்ந்து ஆடலாம். அச்சுச் செலவுக்கு விடுமுறை நாள்களில் உழைத்துச் சேர்த்த பணம் வைத்திருக்கின்றனர். அச்சேறியபின் திருத்த வழியில்லை. ஆதலின் முன்னதாகவே சிலவற்றை எண்ணிப் பார்த்தல் நலம்.

முதற்கண் தாள். திருமண அழைப்பிதழுக்குரிய அட்டை போதும் என எண்ணுவோர் பலர். அதை விளக்கின்முன் பிடித்தால் மறுபக்கத்துப் படம் நிழலாடக்கூடும். சிலநாள் கலைத்து ஆடினால் ஓரங்கள் பிரிந்து நிற்கும். சீட்டுக்கென்றே செய்யப்படும் நல்ல தாளில் இரு படலங்களுக்கிடையே கருநிறப் பசை இருக்கும், ஒளி ஊடுருவாது. விலை கூடுதல்தான், ஆனால் இங்கே சிக்கனம் தகாது.

அளவு 63 மில்லிமீட்டர் அகலம், 88 மில்லிமீட்டர் உயரம் என்பது பரவலான வழக்கு. நாற்புறமும் 3 மில்லிமீட்டர் வண்ணம் வெளியே நீள வேண்டும். எழுத்துகள் விளிம்பிலிருந்து அதே அளவேனும் உள்ளே ஒதுங்க வேண்டும். வெட்டும் கத்தி மயிரிழை விலகுவது இயல்பு. எனவே பின்புறத்தில் மெல்லிய வெள்ளைக் கரை வேண்டா. ஒரு சீட்டில் கரை அகன்றும் மற்றொன்றில் குறுகியும் நின்றால், கூர்ந்த கண்ணுடைய சிறுவன் எதிராளியின் கையை முதுகிலேயே படித்துவிடுவான்! அத்துடன் ஆட்டம் செத்தது.

தமிழில் அச்சிடுவோர்க்குத் தொல்லை ஒன்றும் உண்டு. நம் கணினியில் ஒழுங்காகத் தெரியும் எழுத்து, அச்சகத்தின் கணினியில் அதே எழுத்துரு இல்லையெனில் சிதறிவிடும். ‘கெண்டை’ என்பதன் கொம்பு இடம்மாறும். வெறும் கட்டங்களாகவும் நிற்கும். அச்சகத்தார் தமிழறிந்தவராயினும் ஐம்பத்துநான்கையும் வாசித்துப் பார்ப்பார் என நம்புதல் ஆகாது. எழுத்துகளைக் கோட்டோவியமாக மாற்றியே கோப்பை அனுப்புக. அச்சகத்தார் இதனைக் ‘கர்வ்ஸ்’ என்பர். பின்னர் தாளில் எடுத்த மாதிரிப்படியைக் கேட்டு வாங்கி, வரைந்தவர் அல்லாத வேறொருவரிடம் கொடுத்து வாசிக்கச் செய்க. திரையில் ஒளிர்ந்த நீலமும் பச்சையும் நான்கு மைகளில் சற்று மங்கும். அது அச்சகத்தாரின் குற்றமன்று.

எத்தனை கட்டுகள்? ஆப்செட் முறையில் தகட்டுச் செலவு ஐம்பதுக்கும் ஆயிரத்துக்கும் ஒன்றே. எனவே விலைப்பட்டியலில் ஆயிரம் மலிவாகத் தோன்றும். விற்காத தொள்ளாயிரம் எவர் வீட்டுப் பரணில் உறங்கும்? முதலில் டிஜிட்டல் முறையில் ஐம்பது அச்சிட்டுக் குடும்பங்களில் ஆடிப் பார்க்கட்டும் என்பதே நம் கருத்து. ஒவ்வொரு கட்டிலும் முகம் வெறுமையான சீட்டு இரண்டைச் சேர்த்துக் கொள்ளட்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் ஒரு சீட்டாவது தொலையும். அப்போது பேனாவால் எழுதிக்கொள்ளலாம்.